வாசகர் கேள்வி – பதில்: காருக்கு அடியில் விழுந்த ஒடுக்கு

மின்சாரக் கார்களின் டயர் தேய்மானம் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டயரை விட்டுவிட்டு, அதற்கு ஒரு சாண் தள்ளி, தரையைப் பார்த்தபடி படுத்திருக்கும் பேட்டரியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த மாதம் முழுவதும் அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வழியாகத் திரும்பும்போது, வெள்ளைக்கோடு போடாத ஒரு வேகத்தடையில் எங்கள் மின்சாரக் கார் ஏறி இறங்கியது. உள்ளே ஐந்து பேர், பின்னால் பெட்டிகள். அடியில் ‘கரக்’ என்று பலமான சத்தம் கேட்டது. இரவு நேரமாக இருந்ததால் இறங்கிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டோம். காலையில் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தால், பேட்டரியின் அடித்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு விழுந்து, கருப்புப் பூச்சு உரிந்து உலோகம் தெரிகிறது. எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. வண்டியும் முன்போலவே ஓடுகிறது. இப்படியே ஓட்டலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஓட்ட வேண்டாம். சோதித்துப் பார்த்து முடிக்கும் வரை சார்ஜும் போட வேண்டாம்.

எச்சரிக்கை விளக்கு எரியாததை வைத்து நீங்கள் ஆறுதல் அடைந்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. அந்த விளக்கை எரிய வைக்கும் கருவி, பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் செல்களின் மின்னழுத்தத்தையும், சில இடங்களின் வெப்பத்தையும், உயர் மின்னழுத்தச் சுற்றுக்கும் காரின் உடலுக்கும் இடையிலான இன்சுலேஷனையும் அளக்கிறது. தகடு நெளிந்திருக்கிறதா என்று பார்க்கும் உணர்வி பெரும்பாலான கார்களில் கிடையாது. தகடு உள்ளே போய் ஒரு செல்லை அழுத்திக்கொண்டிருந்தாலும், அந்தச் செல் கெட ஆரம்பிக்கும் வரை டேஷ்போர்டு அமைதியாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நேர்முனைத் தகட்டையும் எதிர்முனைத் தகட்டையும் பிரித்து வைத்திருப்பது, தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் படலம். சுமார் 20 மைக்ரான். செல் நசுங்கி அந்தப் படலம் ஓரிடத்தில் கிழிந்தால், உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, அந்த வெப்பம் பக்கத்துச் செல்லுக்கும் பரவக்கூடும். ஆகவே ஒடுக்கின் அகலத்தை விட அதன் ஆழமும் இடமும்தான் முக்கியம். ஓரத்துச் சட்டத்தில் விழுந்த பெரிய ஒடுக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம். செல்லுக்கோ குளிர்விக்கும் தட்டுக்கோ நேர் கீழே விழுந்த சிறிய ஒடுக்கு ஆபத்தாக முடியலாம்.

இப்படி ஓர் அடி எவ்வளவு விரைவில் தன் வேலையைக் காட்டும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கென்ட் நகருக்கு அருகே நடந்தது. நெடுஞ்சாலையில் கிடந்த ஓர் இரும்புத் துண்டு டெஸ்லா மாடல் எஸ் காரின் அடியில் நட்டுக்கொண்டு, பேட்டரியின் கவசத் தகட்டைத் துளைத்தது. கார் ஓட்டுநரை எச்சரித்தது. அவர் ஓரம் கட்டி இறங்கியபின் தீப்பிடித்தது. எவ்வளவு தாமதமாகக் காட்டும் என்பதற்கு உதாரணம் அதற்கும் முந்தையது. 2011 மே மாதம் செவ்ரோலே வோல்ட் காரை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு பக்கவாட்டில் கம்பத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பேட்டரி சேதமாகி, அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிந்திருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் கழித்து, விஸ்கான்சினில் சும்மா நிறுத்தி வைத்திருந்த அந்தக் கார் தானாகத் தீப்பற்றி, பக்கத்தில் நின்ற வண்டிகளையும் சேர்த்து எரித்தது. அது மோதல் சோதனை, உங்களுடையது வேகத்தடை, இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் ‘நேற்று ஓடியது, இன்றும் ஓடுகிறது’ என்பது ஒரு சான்றாகாது என்பதற்கு அதைவிடத் தெளிவான நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கார் போர்ட்டிகோவிலோ அடுக்குமாடியின் தரைக்கீழ்த் தளத்திலோ நின்றால் திறந்த வெளிக்கு, கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 50 அடியாவது தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துங்கள். அதற்கு முன் சற்றுத் தொலைவிலேயே நின்று கவனியுங்கள். இனிப்பு கலந்த, பெயின்ட் தின்னர் போன்ற வாடை, ‘உஸ்’ என்ற சத்தம், அடியிலிருந்து வெண்புகை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் காரை நகர்த்த முயலாமல் எல்லோரையும் விலக்கிவிட்டு 112-க்கோ 101-க்கோ அழைத்து, அது மின்சாரக் கார் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சிறிய தீயணைப்பு உருளையை எடுத்துக்கொண்டு பேட்டரித் தீக்கு அருகில் போவதில் பயனில்லை. அதைக் குளிர்விக்கப் பெருமளவு தண்ணீர் வேண்டும்.

வாடை எதுவும் இல்லையென்றால், கார் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை நீண்ட குச்சியால் அடியில் தள்ளி ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள். நம் ஊர் வெயிலில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுவது இயல்பு. அது நிறமில்லாமல் காகிதத்தில் ஊறிக் காய்ந்துவிடும். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று ஏதாவது நிறத்தோடு பிசுபிசுப்பாகத் தங்கினால் அது கூலன்ட். கூலன்ட் கசிந்தால் அந்தக் காரைச் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போகவும் கூடாது, சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகவும் கூடாது. நான்கு சக்கரமும் மேலே ஏறி நிற்கும் பிளாட்பெட் லாரியில்தான் அனுப்ப வேண்டும். கசியாவிட்டாலும் உங்கள் காரைப் பொறுத்தவரை அதையே சொல்வேன்.

கேள்வி: என் காருக்கும் இதே போல் அடி. சர்வீஸ் சென்டரில் தூக்கிப் பார்த்த பத்தாவது நிமிடத்தில், ‘பேட்டரி முழுவதையும் மாற்ற வேண்டும்’ என்று கூறி, கார் விலையில் பாதிக்கும் மேலான ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார்கள். வாரன்டி இதற்குப் பொருந்தாதாம். இவர்கள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டுமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வாரன்டி பற்றி அவர்கள் கூறியது சரி. எட்டு ஆண்டு, 1,60,000 கி.மீ. என்றெல்லாம் விளம்பரத்தில் வருவது செல்கள் தாமாகத் திறன் இழப்பதற்கும் தயாரிப்புக் குறைக்குமான உறுதி. வெளியிலிருந்து விழுந்த அடி விபத்து; அது இன்சூரன்ஸின் கணக்கு.

ஆனால் பத்து நிமிடத்தில் கண்ணால் பார்த்து ஒரு பேட்டரிக்குத் தீர்ப்பு எழுத முடியாது. கீழ்க்கண்ட அளவுகளை எழுத்தில் கேளுங்கள். முதலாவது இன்சுலேஷன். மெகர் என்ற கருவியை வைத்து எடுக்கும் அந்த அளவு, ஒரு வோல்ட்டுக்கு 500 ஓம் என்ற கணக்கில் 350 வோல்ட் பேட்டரிக்குக் குறைந்தது 1.75 லட்சம் ஓம் இருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள பேட்டரி இதைப் பல மடங்கு தாண்டும். விதி அனுமதிக்கும் எல்லைக்கு மேலே இருந்தாலும், வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்தால் உள்ளே ஈரமோ கூலன்ட்டோ புகுந்திருக்கிறது என்று பொருள். அடுத்தது, கூலன்ட் சுற்றில் காற்றழுத்தம் ஏற்றிச் சில நிமிடம் விட்டுப் பார்க்கும் கசிவுச் சோதனை. பேட்டரிப் பெட்டிக்கும் இதே போல் ஒன்று உண்டு, மூடியின் ஒட்டுப்பட்டை திறந்திருந்தால் அதில் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு செல்களின் மின்னழுத்தப் பட்டியல். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தியாவில் பல கார்களில் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைச் செல்கள் பொருத்தப்படுகின்றன. இவற்றின் மின்னழுத்தம், சார்ஜ் 30 சதவீதமாக இருந்தாலும் 70 சதவீதமாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே பாதி சார்ஜில் எடுத்த பட்டியலில் எல்லாச் செல்களும் சமமாகத் தெரிவது ஒன்றையும் நிரூபிக்காது. சேதமான காரை இதற்காக முழுச் சார்ஜ் ஏற்றிப் பார்க்கவும் கூடாது. காரை அசையாமல் நிறுத்தி, ஓரிரு நாள் இடைவெளியில் இரண்டு பட்டியல் எடுத்து, ஏதாவது ஒரு செல் மட்டும் தனியாக இறங்குகிறதா என்று ஒப்பிட வேண்டும்.

இவை எல்லாம் தேறி, ஒடுக்கின் ஆழம் தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் இருந்தால், அடித்தகட்டை மட்டும் மாற்றுவது அல்லது பூச்சைச் சரிசெய்து விடுவது என்ற வழி இருக்கக்கூடும். கையேட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. 2021-இல் அமெரிக்காவில் ஒரு டெஸ்லா மாடல் 3 சாலையில் கிடந்த பொருளில் இடித்து, பேட்டரியின் கூலன்ட் குழாய் செருகும் முனை மட்டும் உடைந்தது. நிறுவனம் பேட்டரியையே மாற்ற வேண்டும் என்று சுமார் 16,000 டாலர் கேட்டது. ஒரு தனியார் பட்டறை அந்த முனையை மட்டும் சரிசெய்து 700 டாலரில் முடித்தது.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் தெருமுனைப் பட்டறைக்குப் போய்விடாதீர்கள் என்றும் சொல்லியாக வேண்டும். அந்த அமெரிக்கப் பட்டறையில் கழற்றியவர்கள் இந்த வேலைக்கென்று பயின்றவர்கள். 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை இல்லாமல், உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற ஒயரைத் தொடாதவர்கள். ஒடுக்கு எடுக்கிறேன் என்று அடித்தகட்டில் வெல்டிங் வைத்து இழுக்க ஒருவர் முன்வந்தால், அவரிடமிருந்து காரை உடனே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: அடி விழுந்த பிறகு 40 கி.மீ. ஓட்டி வந்துவிட்டேன் என்ற ஒரே காரணத்தைக் கூறி, இன்சூரன்ஸ் சர்வேயர் முழுக் க்ளெய்மையும் நிராகரிக்கலாம் என்கிறார். இது நியாயமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: அவர் சொல்வதில் பாதி சரி. நம் நாட்டு மோட்டார் பாலிசிகளின் நிபந்தனைகளில் ஒன்று, விபத்துக்குப் பின் பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டினால், அதனால் கூடும் சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்கிறது. ‘அதனால் கூடும் சேதம்’ என்பதைக் கவனியுங்கள். வேகத்தடையில் விழுந்த ஒடுக்கு முதல் நொடியில் விழுந்தது. அது விபத்துச் சேதம். அதன்பின் 40 கி.மீ. ஓட்டியதால் என்ன கூடியது என்பதைக் காட்ட வேண்டியவர் சர்வேயர். கூலன்ட் ஒழுகி, எச்சரிக்கை விளக்கு எரிந்தும் ஓட்டியிருந்தால் உங்கள் பக்கம் வலுவிழக்கும். அப்படி எதுவும் இல்லாவிட்டால் முழுக் க்ளெய்மையும் மறுக்க இந்த நிபந்தனை போதாது என்பது என் கருத்து.

மறுப்பை வாய்மொழியாக ஏற்காதீர்கள். எந்த நிபந்தனையின் கீழ் என்று எண்ணோடு எழுத்தில் கேட்டு, சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

மேலே கோயம்புத்தூர் வாசகி பெற்ற மதிப்பீட்டுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பழுதுச் செலவு, பாலிசியில் குறிப்பிட்ட காரின் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் காரை முழு நஷ்டமாகக் கணக்கிடுவார்கள். 12 லட்சம் மதிப்புள்ள காருக்கு 9 லட்சத்தைத் தாண்டி ஒரு பேட்டரி மதிப்பீடு வந்தால், ஓர் ஒடுக்குக்காக நல்ல கார் ஒன்று பழைய இரும்பு விலைக்குப் போகும். வெளிநாடுகளில் இப்படிப் பல கார்கள் போயிருக்கின்றன. ஆகவே மதிப்பீட்டைக் கேள்வி கேட்பது பணத்துக்காக மட்டுமல்ல, காரைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான். அடுத்த முறை பாலிசி புதுப்பிக்கும்போது, தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ சேர்க்கை உயர் மின்னழுத்த பேட்டரிக்கும் பொருந்துமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். வழக்கமான பாலிசிகளில் ‘பேட்டரி’ என்ற சொல்லுக்கு எதிரே 50 சதவீதத் தேய்மானம் என்று எழுதியிருக்கும். அது பழைய 12 வோல்ட் பேட்டரியை மனத்தில் வைத்து எழுதிய வரி.

கேள்வி: எங்கும் இடித்ததாக நினைவில்லை. ஆனால் சர்வீஸில் தூக்கியபோது அடியில் வட்டமாக ஓர் ஒடுக்கு. எப்படி வந்திருக்கும்?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: வட்டம் தேநீர்த் தட்டு அளவில், ஓரத்தில் பல் பல்லாக அச்சு பதிந்திருக்கிறதா? அப்படியானால் கடைசியாக எந்தப் பஞ்சர் கடையில் சக்கரம் கழற்றினீர்கள் என்று யோசியுங்கள். டிராலி ஜாக்கியின் தலைக் கிண்ணத்தில் வழுக்காமலிருக்க அப்படித்தான் பல் வெட்டியிருப்பார்கள். பெட்ரோல் காரைப் பல்லாண்டு தூக்கிப் பழகியவர், இந்தக் காரின் அடி தட்டையாக, உறுதியாகத் தெரிவதைப் பார்த்து நடுவிலேயே ஜாக்கியை வைத்துவிடுகிறார். ஒன்றரை டன் காரின் ஒரு பக்கத்து எடை முழுவதும் அந்தக் கிண்ணத்தளவு இடத்தில் இறங்குகிறது. சென்ற ஆண்டு ஒரு நண்பரின் காரில் இதே அடையாளத்தைப் பார்த்தேன்; அது செல்லுக்கு நேர் கீழே இல்லாததால் தப்பியது. கதவுக்குக் கீழே, விளிம்பில் ஜாக்கி வைக்கும் இடம் நான்கு உண்டு. கையேட்டைப் பார்த்து அவற்றைப் பளிச்சென்ற பெயின்டால் குறித்துவிட்டால் கடைக்காரருக்கும் உதவி.

கேள்வி: எங்கள் ஊர் வேகத்தடைகளுக்குப் பயந்து, பேட்டரிக்கு அடியில் 3 மி.மீ. இரும்புத் தகடு ஒன்று பொருத்தித் தர ஒரு பட்டறையில் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஆலோசனை?
– ஒரு வாசகர், பெரம்பலூர்

பதில்: சொன்னதைத் திரும்பப் பெற்றுவிடுங்கள். ஏற்கெனவே போதாத தரை இடைவெளியை அந்தத் தகடு மேலும் குறைக்கும். முன்பு உரசாமல் தாண்டிய மேட்டிலும் இனி உரசும். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே சேறும் சரளையும் புகுந்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் பூச்சை அரைக்கும். செல் ஒன்று கெட்டுச் சூடான வாயு வெளியேறினால், அது போவதற்கென்று வைத்த வால்வை உங்கள் தகடு மறைத்துக்கொண்டு நிற்கலாம். பொருத்துவதற்குத் துளை போட பேட்டரிப் பெட்டியில் டிரில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

கவசம் என்ற எண்ணமே தவறு என்று கூறவில்லை. கென்ட் நிகழ்ச்சிக்குப் பிறகு, 2014 மார்ச்சில் டெஸ்லா மூன்றடுக்குக் கவசம் ஒன்றைச் சேர்த்தது. முதலில் வரும் அலுமினியச் சட்டம் பொருளைத் தள்ளிவிடவும், அடுத்துள்ள டைட்டானியத் தகடு தாங்கவும், கடைசிச் சட்டம் எதுவும் நட்டுக்கொள்ளாமல் காரை அதன்மேல் ஏற்றிவிடவும் திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. சீனா 2025-இல் வெளியிட்டு, 2026 ஜூலை 1 முதல் நடைமுறை என்று குறித்த பேட்டரித் தரவிதி, அடித்தகட்டை 30 மி.மீ. இரும்புக் குண்டால் 150 ஜூல் ஆற்றலோடு அடித்துப் பார்க்கச் சொல்கிறது. 15 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமமான அடி அது. அதை வாங்கிய பின்னும் கசிவோ தீயோ இருக்கக் கூடாது. இந்த அளவுக்குக் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய பொருளை வெல்டிங் பட்டறையில் செய்ய முடியாது. உங்கள் மாடலுக்கென்று தயாரிப்பாளரே விற்கும் கவசம் இருந்தால் அதை வாங்குங்கள்.

வேகத்தடையின் கதை வேறு. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி வட்டமான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது, அதில் எந்தக் காரும் இடிக்காது. நம் ஊர்களில் ஓரிரவில் முளைக்கும் குறுகலான, கூரிய மேடுகள்தான் இடிக்கின்றன. ஆள் நிறைந்திருந்தால் இரண்டு பேரை இறக்கிவிட்டு, சற்றுக் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள்.

கேள்வி: ‘ஐபி 67’ பேட்டரி என்பதால் தண்ணீரில் கவலையில்லை என்று விற்பனையாளர் கூறினார். சிறிய ஒடுக்கு இருக்கும் காருக்கும் அது பொருந்துமா?
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: பொருந்தாது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கியிருந்தாலும் உள்ளே நீர் புகாது என்பதே அந்த எண்ணின் பொருள். புத்தம் புதிய, அடிபடாத பெட்டியைச் சோதித்துக் கொடுத்தது அது. ஒடுக்கு விழும்போது தகடு மட்டும் நெளிவதில்லை. அதன் விளிம்பில் உள்ள ஒட்டுப்பட்டையும் இழுபடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதியில் தண்ணீர் அரை மணி நேரத்தில் வடியவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். பெட்டியின் கசிவுச் சோதனையை மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.

கேள்வி: பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடிக்காமலிருக்க நானே கருப்பு பெயின்ட் அடித்துவிடலாமா?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: கடற்கரை ஊர் என்பதால் உங்கள் அவசரம் புரிகிறது, உப்புக்காற்றில், இரும்பு போல்ட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத் தகடு வேகமாக அரிக்கும். தயாரிப்பாளர் கூறும் பூச்சைப் பட்டறையில் வைத்துப் பூசிக்கொள்ளலாம். ஆனால் ஒடுக்கை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, சர்வேயர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போகும் வரை அந்த இடத்தில் பெயின்ட் மட்டுமல்ல, தண்ணீர்கூட அடித்துக் கழுவ வேண்டாம்.